தலைமாட்டு வேலை

அந்தத் தெருவில் ஒரு காலத்தில் அவள் ஒருத்திதான் அழகு நிலையம் வைத்திருந்தாள். மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போனால் ஒரே அறை. இரண்டு சுழல் நாற்காலி, சுவரில் நீளக் கண்ணாடி, மூலையில் தலை அலசுகிற தொட்டி. தெரு முழுக்க அவளைப் 'பார்லர் அக்கா' என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

பிறகு தெருமுனையில் ஒன்று வந்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. கடைசியில், நேர் எதிரிலேயே கண்ணாடி முகப்பும் குளிர்சாதனமும் ஒரே மாதிரிச் சீருடை போட்ட பெண்களுமாக ஒரு கடை வந்து உட்கார்ந்துகொண்டது. மத்தியான வேளைகளில் பார்லர் அக்கா ஜன்னலோரம் நின்று ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள். அவளுடைய பழைய வாடிக்கைக்காரிகள் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குள் நுழைவார்கள். மாடியிலிருந்து பார்க்கிறவளுக்கு முகம் எதற்கு? உச்சி வகிட்டைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள். அத்தனையும் அவள் கை எடுத்த வகிடுகள்.

அவள் மகள் கல்லூரியில் வணிகம் படித்துக்கொண்டிருந்தாள். படித்ததையெல்லாம் உடனே அம்மாவின் கடையில் செய்து பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

"கூட்டத்தோட கூட்டமா இருந்தா யாரும்மா உன்னைத் தேடி வருவாங்க? நீ தனியாத் தெரியணும். உனக்குன்னு ஒண்ணு இருக்கணும்."

"என்ன ஒண்ணு?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். இந்தத் தொழில்ல உனக்கு ரொம்பப் பிடிச்சது எது? யோசிச்சுச் சொல்லு."

பார்லர் அக்கா உண்மையாகவே யோசித்தாள். "சாயங்காலம் கதவைச் சாத்தறது" என்றாள்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. சுவருக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தார்கள். வாசலில் தொட்டிச்செடி வைத்தார்கள். ஒரு வாரத்தில் அதை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் 'மணப்பெண் அலங்கார நிபுணர்' என்று பெரிய பலகை வந்தது.

"எதிர்லயும் இதைத்தானே போட்டிருக்காங்க?"

"நம்ம எழுத்து வேறம்மா."

எழுத்து வேறாகத்தான் இருந்தது. வருகிறவர்கள்தான் வரவில்லை. புருவம் திருத்த ஒரு பெண், முடி நுனி வெட்ட ஒரு சிறுமி, நரைக்குச் சாயம் பூச மருந்துக்கடைக்காரரின் மனைவி. பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் படியிறங்கும்போது, மூட்டை தூக்கினவளைப்போல அலுத்துப்போயிருப்பாள். வேலை செய்யாமலே இத்தனை களைப்பு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

அப்படி ஒரு நாளில்தான் வங்கியில் வேலை பார்க்கும் அந்த அம்மாள் படியேறி வந்தாள். கீழே மருந்து வாங்க வந்தவள். முடி வெட்டிக்கொள்ள வந்தவளில்லை.

"நீங்க வீட்டுக்கு வருவீங்களா?"

"கல்யாணமா?" என்று ஆவலாக எழுந்தாள் பார்லர் அக்கா.

கல்யாணமில்லை. வங்கியம்மாளின் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்காகப் படுக்கையில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். படுத்தே கிடந்ததில் பின்தலை முடியெல்லாம் சிக்குப் பிடித்து, கம்பளித்துண்டு மாதிரி ஒரே கட்டியாகிவிட்டது. சீப்பு வைத்தால் கத்துகிறார். உறவுக்காரர்கள் எல்லோரும் மொட்டை அடித்துவிடச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை எடுத்ததிலிருந்து டீச்சரம்மா மகளோடு பேசுவதில்லை.

பார்லர் அக்காவுக்குப் போக இஷ்டமில்லை. ஆனால் கடையில் ஆளில்லை. வேலை இருக்கிறதென்று பொய் சொல்லலாம் என்றால், காலி நாற்காலிகள் இரண்டும் கண்ணெதிரே நிற்கின்றன. போனாள்.

மருந்துத் தைலமும் மூடிய ஜன்னலும் சேர்ந்த வாடை அந்த அறையில். டீச்சரம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"யார் அது?"

"பார்லர்லேருந்து வந்திருக்கேம்மா."

"என் தலையில கை வெச்சா கையை ஒடிச்சிருவேன்."

"சரி, ஒடிங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் எண்ணெய் மட்டும் தடவிக்கறேன்."

எண்ணெய் ஊறுகிற வரைக்கும் காத்திருந்தாள். கட்டில் தாழ்வானது, தலைமாட்டில் மண்டியிட்டால்தான் கை எட்டியது. இடது கையால் வேர்ப்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். இழுப்பு மண்டைக்குப் போகக்கூடாது. வலது கை விரல்களால் நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். அரை மணி கழித்துப் பார்த்தால் ஒரு விரல் அகலம்தான் பிரிந்திருந்தது. டீச்சரம்மா நிறுத்தாமல் திட்டினார். முதலில் இவளை, பிறகு தன் மகளை, பிறகு இந்தக் காலத்துப் பாடப்புத்தகங்களை. பார்லர் அக்கா 'ம்' கொட்டிக்கொண்டே பிரித்தாள். கடையில் யாரும் அவள் கைக்கு இவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு, 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்றுதான் கேட்பார்கள்.

மத்தியானம் தாண்டியபோது கட்டி முழுவதும் கரைந்துவிட்டது. பாதி முடி கையோடு வந்தது, பாதி தங்கியது. பிறகு தலைக்கடியில் நெகிழித்தாளை விரித்தாள். துண்டுகளைச் சுருட்டி இருபக்கமும் வரப்புப்போல வைத்து, தாளின் முனையை வாளிக்குள் விட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பால் மெல்ல ஊற்றினாள். முதல் சொம்புத் தண்ணீர் உச்சந்தலையில் பட்டதும் டீச்சரம்மாவின் திட்டு பாதி வாக்கியத்தில் நின்றது. இரண்டாவது சொம்புக்குக் கண் மூடியது. நுரை தேய்க்கும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்கியே போனார்.

வாசலில் நின்றிருந்த வங்கியம்மாள், "தூங்கறாங்களா? பகல்ல தூங்கவே மாட்டாங்களே" என்று கிசுகிசுத்தாள்.

எழுந்ததும் டீச்சரம்மா கண்ணாடி கேட்டார். வெகுநேரம் பார்த்தார். "வகிடு கோணல்" என்றார்.

கோணல்தான். பார்லர் அக்கா மறுபடி எடுத்தாள்.

"ம். அடுத்தது எப்ப வருவே?"

அன்று அவளால் நிமிரவே முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கிழவிபோலப் படியிறங்கினாள். முழங்கால் இரண்டும் வெந்ததுபோல் எரிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல்கூடப் படுத்தவள், அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். எத்தனையோ காலமாக அப்படி ஒரு தூக்கம் அவளுக்கு வந்ததில்லை.

செய்தியைப் பரப்பியவர் கீழே இருந்த மருந்துக்கடைக்காரர். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் தைலமும் டயப்பரும் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வந்தாக வேண்டும். "உடம்புக்கு நான் தரேன். தலைக்கு மாடிக்குப் போங்க" என்று கையைக் காட்டிவிடுவார். மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்குக் காலை முழுவதும் வெளிவேலையாகிவிட்டது.

ஒவ்வொரு தலையும் ஒரு விதம். பேச்சு நின்றுபோன ஒரு பெண்மணி வேலை முடிகிற வரையில் இவள் முந்தானை நுனியை விடமாட்டார். கை கால் அசையாத இன்னொருவர், நகத்துக்குச் சிவப்புச் சாயம்தான் வேண்டுமென்று கண்ணாலேயே பிடிவாதம் பிடிப்பார். ஞாபகம் தப்பிப்போன ஒரு மூதாட்டிக்கு இவள் யாரோ ஒரு நாத்தனார். போகும்போதெல்லாம் பழைய வசவு ஒரு கூடை விழும். அந்த நாத்தனார் செய்த குற்றம் என்னவென்று தெரியாமலே இவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தலை வாருவாள்.

சாயங்காலம் அவள் கணவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். அவர் மின்தூக்கிகளைப் பழுது பார்க்கிறவர்; தெருவில் லிஃப்ட்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசாதவர்.

"உனக்கு இப்ப தலைக்கு மேல வேலை" என்றார் ஒரு நாள்.

"தலைமாட்டுல வேலை" என்றாள் அவள், தலையணைக்குள் முகம் புதைத்தபடி.

மகளுக்கு மட்டும் இது ரசிக்கவில்லை. அவள் ஓயாமல் இணையத்தில் படம் போட்டு, தோழிகளிடம் சொல்லி, கடைசியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தைப் பிடித்துவிட்டாள். மணப்பெண்ணுக்கும் உடன் வரும் பெண்களுக்கும் அலங்காரம். பெண்ணின் தாயார் தானே பார்த்துப் பேசிவிட்டுப் போக வந்தார். மகள் அன்று கல்லூரிக்குப் போகாமல் கடையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

பேச்செல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. எழுந்திருக்கும் சமயத்தில் அந்த அம்மாள் தயங்கினார்.

"ஒண்ணு கேக்கணும். நீங்க படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கெல்லாம் போய்ப் பண்றீங்களாமே?"

"ஆமா. காலையில."

"இல்ல… நீங்க போய்ட்டு வந்த வீட்டுல ரெண்டு பேர் தவறிட்டாங்கன்னு சொன்னாங்க."

தவறித்தான் போனார்கள். அவர்கள் போகிற நிலையில்தான் இருந்தார்கள். அதை எப்படிச் சொன்னாலும் சமாதானம் சொல்வதுபோல்தான் இருக்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் இதையெல்லாம் நம்பற ஆளில்ல. வீட்டுல மத்தவங்க மனசுன்னு ஒண்ணு இருக்கில்லையா?" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். நேரே எதிர்க்கடைக்குள் நுழைந்தார். இந்த முறை ஜன்னலிலிருந்து பார்த்தது மகள்.

"தனியாத் தெரியணும்னுதானே சொன்னேன்? இப்படியாம்மா தெரியணும்?" குரல் உடைந்துபோயிற்று அவளுக்கு. "உன்னைப் பாத்தா சாவு வருதுன்னு சொல்றாங்கம்மா. எனக்குக் கேக்க முடியல."

பார்லர் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. தன்னைச் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். மகள் அழுவதைத் தாங்க முடியவில்லை. போதாததற்கு மணிக்கட்டும் அந்த வாரம் வீங்கியிருந்தது.

"சரி. விட்டுடறேன்" என்றாள். கீழே போய் மருந்துக்கடைக்காரரிடமும் இனி யாரையும் அனுப்ப வேண்டாமென்று சொல்லிவிட்டாள். போய்க்கொண்டிருந்த வீடுகளுக்கு, உடம்பு சரியில்லை என்று தகவல் சொன்னாள். அதில் பாதி உண்மையும் இருந்தது.

மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. முழங்கால் தேறியது. அவள் மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புருவம் திருத்தினாள், நுனி வெட்டினாள், சாயம் பூசினாள். பழையபடி சாயங்காலம் அலுத்துப்போய்ப் படியிறங்கினாள். இந்த அலுப்புக்குத் தூக்கம் வராது. படுக்கையில் கண்ணை மூடினால், அந்தப் பேச்சில்லாத பெண்மணி இப்போது எதைப் பிடித்துக்கொள்கிறாரோ என்று ஒரு நினைப்பு வரும். புரண்டு படுப்பாள்.

ஒரு மாலை, கடை சாத்திவிட்டுக் கீழே வந்தபோது மருந்துக்கடை வாசலில் வங்கியம்மாள் நின்றிருந்தாள். ஒதுங்கிப் போக வழியில்லை.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள் பார்லர் அக்கா. தலை மறுபடி சிக்குப் பிடித்துவிட்டது, எப்போது வருவீர்கள் என்ற பதில் வருமென்று எதிர்பார்த்தாள். அதற்கு என்ன சாக்குச் சொல்வதென்றும் தயாராக வைத்திருந்தாள்.

"நல்லா இருக்காங்க! இப்ப நானே குளிப்பாட்டி விட்டுடறேன். நீங்க பண்றதைப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேனில்ல? அதே மாதிரி துண்டைச் சுருட்டி வெச்சு, தாளை வாளியில விட்டு… முதல்ல கட்டிலெல்லாம் நனைஞ்சு போச்சு. இப்பப் பழகிடுச்சு. அம்மா என்கிட்டப் பேசறாங்க, தெரியுமா? திட்டத்தான் திட்டறாங்க, ஆனா பேசறாங்க. நீங்க உடம்பைப் பாத்துக்கங்க. எங்களால உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்."

அவள் மனதாரச் சொன்னாள். முகமெல்லாம் சந்தோஷம். கேட்ட பார்லர் அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சில் முள் ஏறியதுபோல் சுருக்கென்றது. "ரொம்பச் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வீடு வரும் வரையில் அந்தச் சுருக்கு ஆறவில்லை.

கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரெதிரே பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பொறாமையா இருக்குங்க."

"எதிர்க்கடை மேலயா?"

"இல்ல. அந்த பேங்க் அம்மா மேல."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அவங்கம்மா தலையை அவங்க கழுவறாங்க. உனக்கென்ன பொறாமை?"

"அதான் எனக்கும் புரியல. எதிர்க்கடைக்காரி எத்தனை பேரை இழுத்துக்கிட்டுப் போனா! ஒரு நாள்கூட இப்படி எரியல. 'போறவ போகட்டும்'னுதான் இருந்துச்சு. இது மட்டும் என் வேலையை யாரோ பிடுங்கிக்கிட்ட மாதிரி இருக்கு."

அவர் உரித்த தோலை ஒதுக்கினார். "நான் பாக்கற லிஃப்டை வேற எவனாவது திறந்திருந்தா எனக்கும் அப்படித்தான் எரியும்" என்றார். "அவன் சரியாப் பண்ணியிருந்தா இன்னும் எரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் நிறைந்தது. பழியை இருவருமே வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். எல்லா இடத்திலும் இவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு வீட்டில் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இவளை நாத்தனார் என்று திட்டும் மூதாட்டிக்கு மொட்டையே அடித்துவிட்டார்களாம். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. தலையைத் தடவித் தடவிப் பாத்துக்கறாங்க, அவ்வளவுதான்" என்றான் பேரன். பார்லர் அக்கா போனை வைத்துவிட்டுச் சற்று நேரம் அடுத்த எண்ணைத் தொடாமல் இருந்தாள். அது அவள் விட்டுவிட்டதால் நடந்தது. முடி பழையபடி வளர இரண்டு வருஷமாகும். அந்த மூதாட்டிக்கு இரண்டு வருஷம் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

பேச்சில்லாத பெண்மணியின் கணவர் மட்டும், "எப்ப வரீங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். "இன்னிக்கே" என்றாள்.

அன்று மாலை மகளை உட்காரவைத்துச் சொன்னாள். காலையில் வீடுகளுக்குப் போகப் போகிறேன். மத்தியானத்துக்கு மேல் மட்டும் கடை. மணப்பெண் பலகையைக் கழற்றிவிடலாம். ஒரு நாற்காலி போதும்.

"ஊர் பேசுமேம்மா."

"பேசட்டும். அவங்க பேசறதைக் கேட்டுக்கிட்டே ஜன்னல்ல உட்கார்ந்திருக்க என்னால முடியல. அதுலதான் நான் ரொம்பக் களைச்சுப் போறேன்."

மகள் சில நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வேறு வழியில்லாமல் கேட்டாள். "சரி, நீ போற வீட்டு ஆளுங்களுக்கு எப்படிப் பண்றதுன்னு சொல்லித் தரியாமே? அப்பா சொன்னாரு. எல்லாரும் கத்துக்கிட்டா அப்புறம் உன்னை யாரும்மா கூப்பிடுவா? அது வியாபாரத்துக்கே நேர் எதிர்."

அது பார்லர் அக்காவுக்கும் தெரியும். சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முள் லேசாக அசையத்தான் செய்தது. "நான் போற நாள் போக மிச்ச நாளும் அவங்களுக்குத் தலை இருக்கே" என்றாள். மகளுக்கு அது போதவில்லை. இருந்தாலும் பலகையைக் கழற்ற ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லிஃப்ட்காரர் தன் பங்குக்குப் பழைய தகரத்தை வளைத்து, தலைக்கடியில் வைக்க ஒரு தட்டு செய்து கொடுத்தார். கழுத்துக்கு ஒரு வளைவு, தண்ணீர் போக ஒரு குழாய். முதல் வீட்டிலேயே குழாய் கழன்று மெத்தை முழுக்க ஊறிப்போயிற்று. அந்த மெத்தையை வெயிலில் தூக்கிப் போட்டதில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டாவது தட்டு கனம் அதிகம். தூக்கிக்கொண்டு படியேறினால் மூச்சு வாங்கியது. மூன்றாவதை மெல்லிய தகட்டில் செய்தார். அது ஒழுகவில்லை.

எதிர்க்கடைக்குக் கூட்டம் குறையவில்லை. இவள் கடைக்கு மத்தியானம் வருகிறவர்களும் கூடவில்லை. சிலர் படியேறாமலே நின்றுவிட்டதும் உண்டு. அவளும் ஜன்னல் பக்கம் போவதை விட்டுவிட்டாள். கிடைக்கிற இடைவெளியில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவாள்.

குளிர் தொடங்கியிருந்த ஒரு காலையில் புதிதாக ஒரு வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. படுத்திருந்தது ஒரு லாரி ஓட்டுநரின் தாயார். வீட்டில் அந்த மகனைத் தவிர யாருமில்லை. கதவுநிலை அளவுக்கு உயரமான ஆள். அம்மாவின் தலையைத் தொடவே பயந்தான்.

"என் கை முரடுக்கா. வலிச்சிரும்."

"இப்படி வாங்க. கையை மட்டும் குடுங்க. தலையைத் தூக்கிப் பிடிச்சுக்கங்க, போதும். நான் பாத்துக்கறேன்."

அவன் இரு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினான். அந்தச் சின்னத் தலை அதற்குள் அப்படியே அடங்கிவிட்டது. பார்லர் அக்கா தண்ணீர் ஊற்றினாள். தாயார் கண்ணைத் திறந்து மகனைத் தலைகீழாகப் பார்த்தார். "நீயாடா?" என்றார். "நான்தாம்மா" என்றான். அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் தட்டு விலகி, பாதித் தண்ணீர் தரையில்தான் போயிற்று.

முடித்து, ஈரத்தைத் துடைத்து, தட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு மாடியும் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு தடவை முணுமுணுத்தது. கீழே லிஃப்ட்காரர் வண்டியோடு காத்திருந்தார்.

"இந்த வீட்டு லிஃப்ட் யாரு பாக்கறாங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"நான் இல்ல" என்றார் அவர் அவசரமாக. "போலாமா? அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு."

"ரெண்டு நிமிஷம் இருங்க" என்று கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எண்ணெயும் தண்ணீரும் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, பக்கத்தில் இருந்த இடத்தில் ஒண்டிக்கொண்டு அமர்ந்தார். அடுத்த வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.